வேகம் இருந்தும் மாடியில் பாட்டு நிற்கிறதா? சுவரையும் கண்ணாடியையும் பாருங்கள்

கேள்வி: புறநகரில் இரண்டு தளம் உள்ள தனி வீடு எங்களுடையது. முகப்பு முழுக்கக் கல் பதித்தது, பின்பக்கம் தோட்டத்தைப் பார்த்தபடி தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. ஃபைபர் இணைப்பு கார் நிறுத்தும் அறை வழியாக உள்ளே வருகிறது. கண்ணில் படக்கூடாது என்பதற்காக ரூட்டரை அங்கேயே ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டோம். ஹாலில் டிவி நன்றாக ஓடுகிறது. ஆனால் மாடி அறையிலும் பின்பக்கத் தாழ்வாரத்திலும் இருக்கும் ஸ்பீக்கர்களில் பாட்டு அடிக்கடி நிற்கிறது. எல்லா ஸ்பீக்கர்களையும் ஒன்றாகச் சேர்த்துப் போட்டால் எல்லாமே நின்றுவிடுகின்றன. இணைய வேகத்தை இரு மடங்காக்கியும் மாற்றமில்லை. வீட்டின் அழகு கெடாமல் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் கூடுதல் வேகத்துக்குப் பணம் கட்டுவதை நிறுத்துங்கள். பாட்டுக்கு அவ்வளவு தேவையே இல்லை. வழக்கமான உயர்தர ஸ்ட்ரீமிங் ஒரு நொடிக்கு 320 கிலோபிட். குறுந்தகடு தரத்தில் எதையும் சுருக்காமல் அனுப்பினால்கூட 1,411 கிலோபிட்தான், இழப்பின்றிச் சுருக்கி அனுப்பும்போது அதுவும் கணிசமாகக் குறையும். சந்தையில் கிடைக்கும் மிக உயர்ந்த தரங்களில் ஒன்றான 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பும் 10 மெகாபிட்டைத் தாண்டாது. எந்தச் சாதாரண இணைப்பும் இதைத் தாங்கும்.

அப்படியென்றால் ஏன் நிற்கிறது? வீட்டுக்குள் ரூட்டரிலிருந்து ஸ்பீக்கர் வரை போகும் அந்தக் கடைசிப் பத்துப் பதினைந்து மீட்டரில் தரவுப் பொட்டலங்கள் தொலைகின்றன, அல்லது தாமதமாக வந்து சேர்கின்றன. டிவி ரூட்டருக்குக் கிட்டே இருக்கிறது, போதாததற்கு வீடியோவை முன்கூட்டியே நிறைய இறக்கி வைத்துக்கொள்கிறது, அதனால் நடுவில் சில நொடிகள் சிக்னல் போனாலும் உங்களுக்குத் தெரியாது. ஸ்பீக்கரில் அந்தச் சேமிப்பு குறைவு. பல ஸ்பீக்கர்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கவைக்கும்போது இன்னும் சிக்கல், ஏனென்றால் எல்லாம் சில மில்லிநொடிக்குள் ஒத்துப்போக வேண்டும். பல அமைப்புகளில் ஒரு ஸ்பீக்கர்தான் பாட்டை வாங்கி மற்றவற்றுக்கு விநியோகிக்கும். அந்த ஒன்று சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தால் மொத்தக் குழுவும் நிற்கும். சேர்த்துப் போட்டால் எல்லாம் நிற்கிறது என்று நீங்கள் எழுதியது பெரும்பாலும் இதனால்தான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். மாடி ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டுபோய் ரூட்டர் இருக்கும் அறையிலேயே வைத்து, இரும்புப் பெட்டியின் கதவைத் திறந்துவிட்டு, ஒரு மாலை முழுக்கப் பாட்டு ஓட விடுங்கள். நிற்கவில்லை என்றால் இணைய நிறுவனத்திலும் பாட்டுச் சேவையிலும் ஸ்பீக்கரிலும் குறையில்லை, குறை நடுவில் இருக்கும் கட்டடத்தில். அங்கேயும் நின்றால் ரூட்டரை இடம் மாற்றுவது உதவாது, குறை இணைய இணைப்பிலோ பாட்டுச் சேவையிலோ ஸ்பீக்கரிலோ இருக்கலாம், முதலில் இணைய நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

இனி கட்டடத்துக்கு வருவோம். சிக்னல் இழப்பை டெசிபலில் சொல்வார்கள். 3 டெசிபல் போனால் சக்தி பாதியாகிறது, 10 போனால் பத்தில் ஒரு பங்கு, 20 போனால் நூறில் ஒரு பங்கு. ஜிப்சம் பலகைத் தடுப்பு 3, 4 டெசிபல் எடுக்கும், அது ஒரு பொருட்டே இல்லை. செங்கல் சுவர் அதைவிட அதிகம் எடுக்கும். கான்கிரீட் தளம் 10 முதல் 20 வரை, கனத்தையும் ஈரத்தையும் பொறுத்து அதற்கு மேலும் போகும். ஆனால் புதிய புறநகர் வீடுகளில் உண்மையான வில்லன் கான்கிரீட் இல்லை, அழகுக்காகவும் வெப்பத்தைத் தடுக்கவும் சேர்க்கிற உலோகம்தான்.

கல் பதித்த முகப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கல் மேல்பூச்சு உதிராமல் இருக்க பல வீடுகளில் அடியில் உலோக வலை அடித்திருப்பார்கள், அதன் ஓட்டைகள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளமோ 12 சென்டிமீட்டர் சொச்சம், 5 கிகாஹெர்ட்ஸில் சுமார் 6. அலைநீளத்தைவிட மிகச் சிறிய ஓட்டைகள் கொண்ட வலை அந்த அலைக்குத் தகடு மாதிரிதான், பட்டுத் திரும்பிவிடும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பிகள் 15, 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் அந்த அளவுக்கு மறைப்பதில்லை. கூரைக்கு அடியில் ஒட்டும் அலுமினியத் தாள் வெப்பத் தடுப்பு, உலோகக் கூரை, முகப்பில் மாட்டும் அலுமினியப் பலகைகள், அலங்காரத்துக்குச் சுவர் முழுக்க வைக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி, இவை எல்லாம் இதே கதைதான்.

பின்பக்கத்துப் பெரிய கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிச்சம் வருகிற இடத்தில் சிக்னல் வராமலா போகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வெறும் கண்ணாடியில் பெரிய இழப்பு இல்லை. ஆனால் வெப்பம் தடுக்கும் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் படலம், பெரும்பாலும் வெள்ளி, பூசப்பட்டிருக்கும். வெப்பக் கதிரைத் திருப்புகிற அதே படலம் ரேடியோ அலையையும் திருப்பிவிடும். 20 முதல் 30 டெசிபல் வரை இழப்பது சாதாரணம், அதாவது உள்ளே இருப்பதில் நூறில் ஒரு பங்கோ ஆயிரத்தில் ஒரு பங்கோதான் தாழ்வாரத்துக்கு வரும். ரயில் பெட்டி ஜன்னல்களிலும் இதே தொல்லை உண்டு. செல்போன் சிக்னல் உள்ளே வருவதற்காகவே சில ரயில்களில் லேசரால் அந்தப் படலத்தில் நுண்ணிய கோடுகள் கீறுகிறார்கள். உங்கள் கண்ணாடி எந்த வகை என்று தெரிய எளிய வழி இருக்கிறது. இரவில் சிறு சுடர் ஒன்றைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் பிம்பங்களைப் பாருங்கள், இரட்டைக் கண்ணாடியில் நான்கு பிம்பம் தெரியும், அதில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் படலம் இருக்கிறது.

இத்தனையும் இருக்க, ரூட்டரை ஒரு மூலையில், அதுவும் இரும்புப் பெட்டிக்குள் வைத்தது இரட்டைத் தண்டனை. பெட்டி முதலில் அலையை அடைக்கிறது. தப்பி வருவதில் ஒரு பங்கு தெருவுக்கும் காருக்கும் போகிறது. மிச்சம் வீட்டுக்குள் குறுக்கு வாட்டில் பாய்கிறது. குறுக்காகப் போகும் அலைக்கு 20 சென்டிமீட்டர் சுவர் 20 ஆக இருக்காது, சுவரை நேராகத் துளைக்கும் திசையிலிருந்து 60 டிகிரி சாய்ந்து போனால் அதே சுவர் 40 சென்டிமீட்டர் கனமாகிவிடும். உங்கள் மாடி அறை ரூட்டருக்கு நேர் எதிர் மூலையில் இருந்தால் சுவரையும் தளத்தையும் இப்படித்தான் கடந்தாக வேண்டும்.

இதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. 1950-ல் நியூயார்க் பக்கத்துப் புறநகரான லெவிட்டவுனில் வீடு கட்டி விற்றவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியைச் சுவரோடு பொருத்தியே கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த புதுச் சாதனத்துக்கு வரைபடத்திலேயே ஓர் இடம் இருந்தது. இன்று வீட்டில் விளக்கு முதல் பாட்டு வரை ரூட்டரை நம்பி இருக்கிறது, அதற்கு வரைபடத்தில் இடமே இல்லை, முகப்பு கெடாத மூலை எதுவோ அதுதான் கிடைக்கிறது. ரூட்டர் ஒரு விளக்கைப் போல, எங்கே வெளிச்சம் வேண்டுமோ அதற்குத் தோதான இடத்தில் மாட்ட வேண்டியது.

சரி, என்ன செய்யலாம்? ஃபைபர் முடிகிற சிறு பெட்டி கார் அறையிலேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரே ஓர் ஈதர்நெட் கேபிள் போட்டு ரூட்டரை மட்டும் வீட்டின் நடுவுக்கு, முடிந்தால் படிக்கட்டுப் பக்கம், தலைக்கு மேல் உயரத்தில் கொண்டுவாருங்கள். படிக்கட்டுக் கிணறுதான் இரண்டு தளத்துக்கும் இடையே கான்கிரீட் இல்லாத ஒரே வழி, அலை அதன் வழியாக மேலே ஏறும். கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் சுற்றி வளைத்துக் கொண்டுவரத் தயங்க வேண்டாம். ஃபால்ஸ் சீலிங்குக்குள், சுவரடிப் பட்டைக்குப் பின்னால், பழைய கேபிள் டிவிக்காகப் போட்ட குழாய்க்குள் போகலாம். மின்சார வயர் போகும் குழாய்க்குள் மட்டும் நுழைக்காதீர்கள், அது ஆபத்து. வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் வெயில் தாங்கும் வெளிப்புறக் கேபிள் வாங்கி மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் இறக்கி, குழாயின் நிறத்தையே அடித்துவிடுங்கள். தெருவில் நின்று பார்த்தால் தெரியாது.

எதையும் துளைப்பதற்கு முன் நீளமான கேபிளைத் தரையில் தற்காலிகமாக ஓட்டி, ரூட்டரைப் புது இடத்தில் ஒரு நாற்காலி மேல் வைத்து ஒரு நாள் ஓட விடுங்கள். ஃபோனில் வைஃபை அளக்கும் செயலி போட்டு ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் அளவைப் பாருங்கள். சிக்னல் பலத்தை டிபிஎம் என்ற அலகில் மைனஸ் எண்ணாகக் காட்டும், எண் பெரிதானால் சிக்னல் பலவீனம். மைனஸ் 60 டிபிஎம் அருகே இருந்தால் அருமை, மைனஸ் 67 வரை கவலையில்லை, மைனஸ் 75-ஐத் தாண்டினால் பாட்டு நிற்கும். கதவுகளைச் சாத்திவிட்டு அளக்க மறக்க வேண்டாம், மாலையில் எப்படி இருக்குமோ அப்படித்தான் அளக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் மாடி அறை தேறவில்லை என்றால் மெஷ், அதாவது ரூட்டரின் சிக்னலை வாங்கி மேலும் பரப்பும் கூடுதல் கருவி, வாங்கலாம், முன்னால் வேண்டாம். மெஷ் வாங்குகிறவர்கள் சிக்னல் இல்லாத அறையிலேயே இரண்டாவது கருவியை வைத்துவிடுகிறார்கள், அதற்கே சிக்னல் வராதபோது அது எதைப் பரப்பும்? அது பாதி வழியில், நல்ல சிக்னல் இருக்கும் கடைசி இடத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் கேபிளால் இணைக்க முடிந்தால் இந்தக் கவலையே இல்லை, இரண்டாவதை மாடி அறையிலேயே வைக்கலாம். ரூட்டரில் வெளியே நீட்டும் ஆன்டெனாக்கள் இருந்தால் ஒன்றை மட்டும் படுக்கை வாட்டில் சாய்த்துப் பாருங்கள். நட்டுவைத்த ஆன்டெனா பக்கவாட்டில்தான் நன்றாகப் பரப்பும், நேர் மேலே குறைவு.

அமைப்புகளில் இரண்டு விஷயம். ஸ்பீக்கர்களை 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே விடுங்கள், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், சேனல் 1, 6, 11-இல் காலியாக இருப்பதில் வையுங்கள். பாட்டுக்கு அந்த வேகம் தாராளம், சுவரையும் அதுதான் நன்றாகத் தாண்டும், தனி வீடுகளில் பக்கத்து வீட்டு நெரிசலும் அடுக்குமாடி அளவுக்கு இருக்காது. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் இதே அலைவரிசைதான், எனவே சமைக்கும்போது மட்டும் பாட்டு நிற்கிறதென்றால் அந்த ஸ்பீக்கரை 5-க்கு மாற்றுங்கள். 5-இல் சேனல் 52 முதல் 144 வரை பல நாடுகளில் ரேடார்களோடு பகிர வேண்டியிருக்கும். விமான நிலையமோ வானிலை ரேடாரோ பக்கத்தில் இருந்தால், ரூட்டர் ரேடாரைக் கண்டதும் சேனலைக் காலி செய்தே ஆக வேண்டும். காரணமே இல்லாமல் பட்டென்று எல்லாம் அறுந்து கொஞ்ச நேரத்தில் தானாக வருகிறதென்றால் இதைச் சந்தேகித்து 36 முதல் 48-க்குள் மாற்றிவிடுங்கள்.

பாட்டு நிற்பது ஒன்று, ஸ்பீக்கர் ஃபோன் பட்டியலிலேயே காணாமல் போவது வேறு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் இடம் காரணமாக இருக்காது. ஃபோன் விருந்தினர் வைஃபையில் இருக்கலாம், அல்லது ஃபோனின் இணைப்பை வெளியே வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் செயலி ஓடிக்கொண்டிருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அப்புறம், தாழ்வாரம். அந்தக் கண்ணாடி வழியாக உள்ளேயிருந்து சிக்னலைத் தள்ள முயல வேண்டாம், எவ்வளவு விலை உயர்ந்த ரூட்டராக இருந்தாலும் படலம் விடாது. மரக் கதவோ வெறும் செங்கல் சுவரோ தோட்டத்தைப் பார்த்து இருந்தால் அதன் உள்பக்கத்தில் ஒரு மெஷ் கருவியை வைக்கலாம். அதுவும் இல்லையென்றால் மழை வெயில் தாங்கும் வெளிப்புறக் கருவியைத் தாழ்வாரக் கூரையின் அடிப்பக்கம் மாட்டி, கேபிள் வழியாகவே மின்சாரமும் கொடுத்துவிடலாம், தனி பிளக் தேவையில்லை. கேபிள் வெளியே வரும் துளையை வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்வாகப் போடச் சொல்லுங்கள், நுழைவதற்கு முன் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு வளைத்தால் மழைத் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், சுவருக்குள் இறங்காது.