வாசகர் கேள்வி: மாத்திரையை நிறுத்தினால் எச்.ஐ.வி. ஏன் திரும்புகிறது?

கேள்வி: எச்.ஐ.வி. உள்ள என் உறவினர் பல ஆண்டுகளாக எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்று பரிசோதனை முடிவு வந்த பிறகும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்கிறார்கள். ஏன்? இந்த இனத்தைச் சேர்ந்த வேறு வைரஸ்களும் மனிதருக்கு நோய் தருமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: சளிக் காய்ச்சல் தரும் வைரஸ்கள் சில நாள் தங்கிவிட்டுப் போகும் விருந்தாளிகள், எச்.ஐ.வி. போன்ற ரெட்ரோவைரஸோ வீட்டுப் பத்திரத்திலேயே தன் பெயரைச் சேர்த்துவிடுகிறது. நம் செல்களில் டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதப்படுவதே வழக்கம். இதைத் தலைகீழாக்கி, ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. எழுதும் நொதியை இந்த வைரஸ்கள் உடன் கொண்டுவருகின்றன என்பதை 1970இல் ஹோவர்டு டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். அப்படி எழுதப்பட்ட டி.என்.ஏ.வை இன்னொரு நொதி நம் குரோமோசோமுக்குள் பொருத்திவிடுகிறது. உங்கள் உறவினரின் மாத்திரைகள் புதிதாக எழுதுவதையும் பொருத்துவதையும் தடுக்குமே தவிர, ஏற்கெனவே பொருந்தியதை அழிப்பதில்லை. முன்பு வந்த கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்கள் (நினைவுச் செல்கள்) உறங்கும்போது, அவற்றுக்குள் அது மௌனமாகக் கிடக்கிறது. மருந்தை நிறுத்தினால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் ரத்தத்தில் பெருகிவிடும். தென்படாத நிலை நீடிக்கும்வரை பாலுறவின் வழியே அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எச்.ஐ.வி. குறிவைப்பது, நோய் எதிர்ப்புப் படைக்கு உத்தரவிடும் சிடி4 வெள்ளணுக்களை. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500 முதல் 1500 வரை இருக்க வேண்டிய இவை 200க்குக் கீழே சரியும்போது எய்ட்ஸ் நிலை என்கிறோம். வாயில் வெண்படலம், பூஞ்சையால் வரும் நிமோனியா, மூளையுறை அழற்சி என்று நலமாக இருப்பவரைச் சீண்டாத கிருமிகளெல்லாம் அப்போது துணிகின்றன. காசநோய் அதற்கு முன்பேகூட வரும். வியப்பு என்னவென்றால், நிணநீர்த் திசுக்களில் மடியும் சிடி4 செல்களில் பெரும்பாலானவற்றில் வைரஸ் பெருகியிருப்பதே இல்லை. வைரஸ் உள்ளே நுழைந்து, டி.என்.ஏ. எழுதும் வேலை பாதியில் நின்றுபோக, அரைகுறையாகக் கிடக்கும் அந்தத் துண்டை மோப்பம் பிடித்த செல் தன்னையே வெடித்து மாய்த்துக்கொள்கிறது. அதனால் எழும் அழற்சி மேலும் பல சிடி4 செல்களை அங்கே வரவழைக்க, அவையும் அதே கதிக்கு ஆளாகின்றன.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை, எச்.டி.எல்.வி.-1. மனிதரிடம் முதலில் கண்டறியப்பட்ட ரெட்ரோவைரஸ் உண்மையில் இதுதான். அமெரிக்காவில் ராபர்ட் கேலோவின் ஆய்வுக்கூடம் 1980இல் இதை அறிவித்தது. எச்.ஐ.வி. அறியப்பட்டது 1983இல். எச்.டி.எல்.வி.-1உம் பெரும்பாலும் சிடி4 செல்களில்தான் குடியேறுகிறது, ஆனால் கொல்வதில்லை. டாக்ஸ் என்ற புரதத்தைக் கொண்டு செல்லைப் பிரியத் தூண்டுகிறது. செல் இரண்டானால் உள்ளிருக்கும் வைரஸ் மரபணுவும் இரண்டாகிவிடுவதால், எழுதும் நொதியைத் தடுக்கும் மருந்துகளுக்கு இங்கே பெரிய வேலையில்லை. தொற்று உள்ளவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் நலமாகவே இருக்கிறார்கள். நூற்றில் சிலருக்கு மட்டும், பல பத்தாண்டுகள் கழித்து, ஒருவகை ரத்தப் புற்றுநோய் வருகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தச் செல்களின் உட்கரு பூவிதழ்போலப் பிளவுபட்டிருக்கும். வேறு சிலருக்குத் தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கால்கள் விறைத்து, சிறுநீரைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிவிடும்.

தென்மேற்கு ஜப்பானில் இத்தொற்று அதிகம். தாய்ப்பாலின் வழியே பரவுவது தெரிந்ததும், நாகசாகி மாகாணத்தில் 1987 முதல் கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, தொற்று உள்ள தாய்மாரைப் புட்டிப்பாலுக்கு மாறச் சொன்னார்கள். நீண்ட காலம் தாய்ப்பால் குடித்த குழந்தைகளில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினருக்கு இருந்த தொற்று, புட்டிப்பால் குடித்தவர்களில் 2.5 விழுக்காடாகக் குறைந்தது. புற்றுநோய் பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியே தலைகாட்டுவதால், அந்த முயற்சியின் முழுப் பலனை எண்ணிப் பார்க்க இன்னும் இருபது ஆண்டுகளாவது ஆகும்.