அந்த ஊரின் பெயர் என்ன?

கேள்வி: என் அப்பா ஒன்பது வருடம் குவைத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். 1990 ஆகஸ்டில் ஈராக் படை உள்ளே நுழைந்தபோது, அதே கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பாலஸ்தீனர் ஒருவர் அப்பாவைத் தம் மனைவி மக்களோடு நீல நிறக் காரில் ஏற்றிக்கொண்டு, பஸ்ரா, பாக்தாத் வழியாக மூன்று நாள் ஓட்டி ஜோர்டானில் கொண்டுவந்து சேர்த்தார். வழியெல்லாம் அவர் தம் ஊரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாராம். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால் எனக்குப் பாலஸ்தீன எழுத்தின் மேல் ஈர்ப்பு. வெளிநாடுகளில் வாழும் பாலஸ்தீனக் கவிஞர்களின் இருபது கவிதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழில் கொண்டுவந்திருக்கிறேன். (வாயில் நுழையாத ஊர்ப் பெயர்கள் நிறைய வந்தன. படிப்பவர்கள் தடுமாறக் கூடாது என்று அவற்றை மட்டும் 'எங்கள் ஊர்', 'பக்கத்து ஊர்' என்று மாற்றிவிட்டேன்.) ஒரு பத்திரிகை ஆசிரியர், "அரசியல் வாடை குறைந்தால் போடலாம்" என்கிறார். "பிள்ளைகள் படிக்கிற வீடு, கவிதையோடு நிறுத்திக்கொள்" என்கிறார் என் கணவர். கலையோடு அரசியலை இப்படிக் கலப்பது சரிதானா? அப்பா இப்போது இரண்டு தெரு தள்ளித் தம்பி வீட்டில் இருக்கிறார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. புத்தகமாக வந்தால் அவர் கையில் கொடுக்க ஆசை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்:

சகோதரி, கலையா அரசியலா என்ற கேள்வி என் மேசைக்கு வராத மாதம் இல்லை. ஈழத்துக் கவிதையைத் தொட்டவர்கள் கேட்டிருக்கிறார்கள். தலித் இலக்கியம் எழுதத் தொடங்கிய பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் ஒருவர் தடுப்பார், பத்திரிகையில் ஒருவர் தயங்குவார், கடிதம் என்னிடம் வரும். தைரியமாக எழுதுங்கள் என்று நான் முதுகைத் தட்டிக்கொடுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னால் எனக்கு உங்கள் மேல் ஒரு கோபம் இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ஊர்ப் பெயர்களை மாற்றிவிட்டேன் என்று, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஆசிரியரும் கணவரும் என்ன சொல்கிறார்கள் என்று வரிவரியாக எழுதிய நீங்கள் இதை மட்டும் கேள்வியாகவே நினைக்கவில்லை. வீடு கூட்டும்போது கீழே கிடந்த காகிதத்தைப் பொறுக்கிப் போட்டதுபோல் சொல்லியிருக்கிறீர்கள்.

பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் 1941இல் பிறந்த ஊரின் பெயர் அல்-பிர்வா. கலிலேயாவில், ஆக்கா நகருக்குக் கிழக்கே இருந்த சிற்றூர். 1948இல் இஸ்ரேல் நாடு உருவான போரில் குடும்பம் லெபனானுக்கு ஓடியபோது அவர் சிறு பையன். மறுவருடம் எல்லை தாண்டி ரகசியமாகத் திரும்பி வந்தார்கள். ஊர் இல்லை. தரைமட்டமாக்கிவிட்டார்கள். அந்த நிலத்தில் வேறு பெயர்களோடு வேறு குடியிருப்புகள் வந்தன. கணக்கெடுப்பின்போது இல்லாமல் போனதால், சொந்த மண்ணில் நின்றுகொண்டிருந்த அந்தக் குடும்பத்துக்குச் சட்டம் வைத்த பெயர் 'இருந்தும் இல்லாதவர்கள்'. பின்னாளில் மாஸ்கோ, கெய்ரோ, பெய்ரூத், டூனிஸ், பாரிஸ் என்று அலைந்து, 2008இல் அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் உயிர் விட்டார். அத்தனை நகரங்களிலும் அவர் பிறந்த ஊர் அல்-பிர்வாதான். 'எங்கள் ஊர்' என்று பெயரில்லாத ஓர் ஊரில் அவர் பிறக்கவில்லை.

1948இல் வீடிழந்து வெளியேறியவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். காலியான ஊர்கள் 400க்கும் மேல். வலீத் காலிதி என்ற வரலாற்றாசிரியரும் அவரோடு உழைத்தவர்களும் 1992இல் அவற்றில் 418 ஊர்களை ஒவ்வொன்றாக எழுதி வைத்தார்கள். எத்தனை பேர் இருந்தார்கள், என்ன விளைந்தது, இன்று அங்கே இடிந்த சுவர் நிற்கிறதா, கள்ளிச் செடி மட்டும் நிற்கிறதா என்று. ஏன் இவ்வளவு பாடு? பெயர்கள் வரைபடத்திலிருந்து போய்க்கொண்டிருந்தன. தெற்கே நெகேவ் பாலைநிலத்தின் அரபுப் பெயர்களை எடுத்துவிட்டு எபிரேயப் பெயர்கள் வைக்க இஸ்ரேல் அரசு 1949இல் ஒரு குழுவே அமைத்தது. அந்தக் குழு மேசை போட்டுச் செய்த வேலையை நீங்கள் கும்பகோணத்தில், பிள்ளைகள் தூங்கிய பிறகு, நல்ல மனதோடு உட்கார்ந்து செய்திருக்கிறீர்கள். கடுமையாக இருக்கிறதா? இருக்கட்டும்.

லெபனானில் சைதா நகரை ஒட்டி அயின் அல்-ஹில்வே என்று ஒரு பாலஸ்தீன அகதி முகாம் இருக்கிறது. அதற்குள் குடியிருப்புப் பகுதிகளுக்கு சஃபூரியா, சஃப்சாஃப், தய்தபா என்று பெயர்கள். எல்லாம் கலிலேயாவில் விட்டுவந்த ஊர்கள். ஊர்க்காரர்கள் முகாமிலும் சேர்ந்தே குடியேறினார்கள், பெயரும் கூடவே வந்து சந்துகளில் குடியேறியது. முகாமில் பிறந்து முகாமை விட்டு வெளியே போகாத பிள்ளையிடம் எந்த ஊர் என்று கேட்டால், தாத்தாவின் ஊரைச் சொல்லும். அந்தக் குடும்பங்களில் பாட்டி பேத்திக்குக் கொடுத்துவிட்டுப் போகிற சொத்து அந்தப் பெயர்தான். உங்கள் கவிஞர்களும் அந்தப் பேத்திகளும் பேரன்களும்தானே? அவர்கள் கையிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டு, மிச்சத்தைக் கவிதை என்று எனக்குக் காட்டுகிறீர்கள்.

வாயில் நுழையவில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். மூன்று மூன்று பெயர் வைத்த ரஷ்ய மனிதர்களைத் தடித்தடியான நாவல்களில் ஒருவர் விடாமல் நினைவில் வைத்துக்கொண்டவர்கள் தமிழ் வாசகர்கள். என் தாத்தாவின் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்துகள் இருந்தன. முதல் எழுத்து ஊர், இரண்டாவது அப்பா. பிழைப்புக்கு எங்கே போனாலும் ஊரைத் தலையில் சுமந்துகொண்டு போன மனிதர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அல்-பிர்வா என்ற ஐந்தெழுத்து நமக்குப் பாரமா?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கலையோடு அரசியலைக் 'கலக்கிறார்கள்' என்கிறீர்கள். பாலில் தண்ணீர் ஊற்றுவதுபோல் இரண்டு பாத்திரங்களில் தனித்தனியாக இருந்ததை யாரோ கலந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். பாட்டியின் ஊரைச் சொல்வது குடும்பக் கதையா, அரசியலா? பிரித்துக் காட்டுங்கள், பார்க்கலாம். நீங்கள் பெயரை எடுத்தது படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான், நம்புகிறேன். ஆனால் ஆசிரியர் சொன்ன வாடை அந்தப் பெயரோடுதான் போகும். இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றால் பாட்டியையும் எடுக்க வேண்டியிருக்கும்.

இதே கேள்வி பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானியின் வீட்டுக்குள்ளேயே எழுந்தது. ஆக்காவில் 1936இல் பிறந்தவர், பன்னிரண்டு வயதில் அகதியானவர், 1950களில் உங்கள் அப்பா இருந்த குவைத்திலேயே பள்ளி ஆசிரியராக இருந்தவர். காலித் தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் ஒளிந்து பஸ்ராவிலிருந்து குவைத்துக்குள் நுழையப் பார்த்து, எல்லையில் வெந்து செத்துப்போகிற மூன்று பாலஸ்தீனர்களைப் பற்றி 1963இல் நாவல் எழுதினார். உங்கள் அப்பா வந்த வழியேதான், எதிர்த்திசையில். கனஃபானியின் சகோதரி மகள் லமீஸ். தாய்மாமன் அவளுக்காகக் கதை எழுதிக் கொடுப்பார். வளர்ந்த பிறகு அவள் மாமனிடம், உங்கள் கதைகள் அழகாக இருக்கின்றன, இயக்க வேலையைக் குறைத்துக்கொண்டு கதை எழுதுங்கள் என்று கேட்டாள். உங்கள் கணவர் கேட்பதும் ஏறக்குறைய இதுதான். கொள்கையை நம்புவதால்தான் நன்றாக எழுதுகிறேன், அதை விட்டால் கதைகள் வெறுமையாகிவிடும், நீயே என்னை மதிக்க மாட்டாய் என்று அவர் பதில் சொன்னதாகக் குடும்பத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். 1972 ஜூலை 8 அன்று பெய்ரூத்தில் அவருடைய காரில் வைத்த குண்டு வெடித்தது. அவருக்கு முப்பத்தாறு வயது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லமீஸுக்குப் பதினேழு.

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அவர் தேர்ந்த வழி அத்தனையும் சரி என்றும் சொல்லவில்லை, ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் பேச்சாளராகவும் இருந்தவர் அவர். அந்தப் பெண் கேட்டது அன்பினால் கேட்ட கேள்வி. அவர் சொன்னதும் அன்பினால் சொன்ன பதில். குடும்பம் என்றால் இந்த இரண்டும் ஒரே வீட்டில் இருக்கும்.

உங்கள் ஆசிரியர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். கோஷத்தை வரி வரியாக வெட்டி அடுக்கியதெல்லாம் கவிதை ஆகாது. இதைத் தர்வீஷே சொன்னார். அரபு உலகம் பாலஸ்தீனன் எழுதியது என்பதற்காகவே எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியபோது, இந்தக் கடுமையான அன்பிலிருந்து எங்களைக் காப்பாற்றுங்கள் என்று 1969இல் கட்டுரை எழுதினார். கவிதையைக் கவிதையாகப் பார்த்து எடைபோடுங்கள் என்று கேட்டார். அதே மனிதர்தான் 1988இல் பாலஸ்தீன சுதந்திரப் பிரகடனத்தையும் எழுதினார். இஸ்ரேலோடு செய்த ஓஸ்லோ ஒப்பந்தம் பிடிக்காமல் 1993இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் செயற்குழுவிலிருந்து விலகவும் செய்தார். ஆகவே உங்கள் இருபதில் கவிதையாகத் தேறாதது இருந்தால் எடுத்துவிடுங்கள். அரசியல் இருக்கிறது என்பதற்காக எடுக்காதீர்கள். தமிழுக்கு இது புதிய வழக்கும் இல்லை. இலங்கையில் எம். ஏ. நுஃமான் நாற்பது வருடங்களுக்கு முன்பே பாலஸ்தீனக் கவிதைகளை மொழிபெயர்த்துத் தமிழர்கள் கையில் கொடுத்துவிட்டார்.

கணவரை எதிரியாக்கி நிறுத்தாதீர்கள். பிள்ளைகள் படிக்கிற வீடு என்கிறார், அது பயம், பொறுப்புள்ளவனுக்கு வருகிற பயம். அவரோடு வாதாடுவதை விட்டுவிட்டு, பாலஸ்தீனக் கவிஞர் முரீத் பர்கூதியின் கதையைச் சொல்லுங்கள். 1967இல் கெய்ரோவில் கல்லூரிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது போர் வந்தது. ஊருக்குத் திரும்ப முடியவில்லை, முப்பது வருடம். எகிப்திய நாவலாசிரியை ரத்வா ஆஷூரை மணந்து, மகன் தமீம் பிறந்து ஐந்தே மாதத்தில், 1977இல், எகிப்தும் அவரை வெளியேற்றியது. மனைவி கெய்ரோவில் கல்லூரியில் பாடம் நடத்த, அவர் புடாபெஸ்டில் இருக்க, விடுமுறைக்கு விடுமுறை அம்மாவும் பிள்ளையும் போய்ப் பார்த்துவர, பதினேழு வருடம் அந்தக் குடும்பம் அப்படியே வாழ்ந்தது. பிள்ளை கெட்டுப்போகவில்லை. தமீம் பர்கூதி இன்று அரபு உலகம் அறிந்த கவிஞர். அரசியல் நமக்கு எதற்கு என்று கேட்கிற வசதி எல்லா வீட்டுக்கும் கிடைப்பதில்லை என்பதை உங்கள் கணவர் புரிந்துகொள்வார். அவர் மாமனாரே ஒரு படையெடுப்புக்கு நடுவில் உயிர் பிழைத்து வந்தவர்தானே?

அந்த மாமனாரிடம்தான் உங்களை அனுப்பப் போகிறேன்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். ஒன்பது வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கார் நீல நிறம் என்றுகூட எழுதியிருக்கிறீர்கள். வழியெல்லாம் அந்த மனிதர் தம் ஊரைப் பற்றியே பேசினார் என்கிறீர்கள். எந்த ஊர்? கவிதையில் செய்ததையே வீட்டுக் கதையிலும் செய்திருக்கிறீர்கள், இது பழக்கமாகிவிட்டது. உங்கள் அப்பாவுக்குத் தெரியும். மூன்று நாள் பாலைவனச் சாலையில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பெயரை மனிதன் மறப்பதில்லை.

அந்த வருடம் ஜோர்டானின் அம்மானிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்களை விமானங்கள் ஊருக்குக் கொண்டுவந்தன. உங்கள் அப்பாவுக்குத் திரும்பி வர ஒரு கும்பகோணம் இருந்தது. காரை ஓட்டி வந்தவருக்கு? குவைத்தில் அன்று 4 லட்சம் அளவுக்குப் பாலஸ்தீனர்கள் வாழ்ந்தார்கள். பாதிப்பேர் போரின்போது வெளியேறினார்கள். மிச்சத்தில் பெரும்பாலோரைப் போர் முடிந்த பிறகு குவைத் இருக்க விடவில்லை. நியூயார்க்கில் மனநல மருத்துவ உளவியலாளராகவும் கவிஞராகவும் நாவலாசிரியராகவும் இருக்கிற ஹாலா அல்யானின் குடும்பம் அந்தப் படையெடுப்பில் குவைத்தை விட்டு அமெரிக்காவுக்குப் போன குடும்பம்தான். அந்த நீலக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்த பிள்ளைகளும் இன்று எங்கோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு மொழியில், அதே ஊரைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்களின் அப்பா உங்கள் அப்பாவை இறக்கிவிட்டு அடுத்து எங்கே போனார் என்று நீங்கள் கேட்டதுண்டா? உயிரைக் காப்பாற்றியவரின் ஊரைத் தெரிந்து வைத்திருப்பது மகளின் கடமை என்று நான் நினைக்கிறேன். புத்தகமாக வந்த பிறகு கையில் கொடுப்பதற்குக் காத்திருக்க எழுபத்தெட்டு வயது நல்ல வயது இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போங்கள். இருபது கவிதைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் அந்த ஊரின் பெயரைக் கேட்டு, அவர் வாய் சொல்கிற ஒலியிலேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பது வருடம் அரபியரோடு வேலை பார்த்தவர், எங்கே 'ஹ' அழுத்த வேண்டும், எங்கே மெல்ல விட வேண்டும் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர். பிறகு நீங்கள் எடுத்துவிட்ட ஒவ்வொரு பெயரையும் மூலத்திலிருந்து ஒவ்வொன்றாக அவர் முன்னால் படித்து, அவரிடம் கேட்டுத் திருத்தி, அதனதன் இடத்தில் வையுங்கள். உங்கள் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

எல்லாப் பெயரும் திரும்பி வந்த பிறகு அதே ஆசிரியருக்கு அனுப்புங்கள். அவர் திருப்பி அனுப்பினால் எனக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது அந்தக் கணக்காளரின் ஊர் எது என்று மேலே எழுதியிருக்க வேண்டும்.