வளரிளம் பருவத்தினரின் மனநலத் தரவுகளைப் பகுப்பாய்வு செய்யும் பல்கலைக்கழக ஆய்வுப் பணியில் சேரலாமா?

சேருங்கள். ஆனால் நேர்முகத் தேர்வின் முடிவில் "நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். அப்போது சம்பளத்தைக் கேட்கும் முன், பிள்ளைகள் நிரப்பிக் கொடுக்கும் படிவத்தின் ஒன்பதாவது கேள்வியை யார், எந்த நாளில் படிப்பார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அங்கே உங்களுக்கு என்ன காத்திருக்கிறது என்பது புரிந்துவிடும்.

எம்.எஸ்ஸி. புள்ளியியல் முடித்திருப்பீர்கள், வீட்டில் "நிரந்தரமா?" என்று கேட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் போனேன். தென் மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டரை ஆண்டாகத் திட்ட உதவியாளர். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள்.

நேர்முகத் தேர்வில், பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பைப் பற்றிக் கேட்டார்கள். 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு என்று ஒப்பித்தேன், வேலை கிடைத்தது. சேர்ந்த பிறகு அந்த எண் எதற்கும் உதவவில்லை. முதல் நான்கு மாதம் அட்டைப்பெட்டிகளில் வந்த படிவங்களைக் கணினியில் ஏற்றினேன், பெற்றோர் ஒப்புதல் தாளையும் பிள்ளையின் சம்மதத் தாளையும் ஒன்றோடொன்று சரிபார்த்தேன். ஒரு தந்தை கையெழுத்து போட வேண்டிய இடத்தில் "என் மகளுக்குப் பைத்தியம் இல்லை" என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார். அதை எந்தக் கட்டத்தில் ஏற்றுவது?

மொழிபெயர்ப்பு இன்னொரு கூத்து. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "மிஸ், மனச்சோர்வு என்றால் சோறு பிடிக்காமல் போவதா?" என்றான். வகுப்பே சிரித்தது. பசி குறைவதைப் பற்றி அதே படிவத்தில் தனிக் கேள்வி இருந்ததால் அவனைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை.

கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன். பிள்ளைகளின் நடத்தையையும் மனச் சிரமங்களையும் அளக்க ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட 25 கேள்விப் படிவம் ஒன்று உண்டு, எஸ்.டி.க்யூ. என்பார்கள். அதில் சிரமங்களைக் கணக்கிடும் 20 கேள்விகளில் ஐந்துக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாகப் போட வேண்டும், அதாவது 'உண்மையில்லை' என்றால் 0 அல்ல, 2. எனவே எல்லாவற்றுக்கும் 'உண்மையில்லை' என்று நெடுக டிக் அடித்தால் 0 வராது, 10 வரும். ஒரு பள்ளியின் வரைபடத்தில் சரியாகப் பத்தின் மேல் மட்டும் கோபுரம் மாதிரி ஒரு தூண் நின்றது. படிவங்களை எடுத்துப் பார்த்தால் பெஞ்சு பெஞ்சாக ஒரே விடை. பிள்ளைகள் எழுதும்போது வகுப்பாசிரியர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறார். எந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லும்? அந்தப் பள்ளியையே விலக்கினோம். (தரவை விலக்குவது தவறு என்று வரப்போகிறவர்களுக்கு: சேர்த்தும் ஒரு முறை கணக்கிட்டோம், இரண்டையும் அறிக்கையில் போட்டோம்.)

இனி அந்த ஒன்பதாவது கேள்வி. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற படிவத்தில் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. கூட்டுத்தொகை 10-ஐத் தொட்டால் மேற்கொண்டு கவனிக்க வேண்டியவர் என்று வழக்கமாகக் கொள்வார்கள். கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது.

அக்டோபரில் ஒரு நாள், விடுபட்ட விடைகளைத் தேடி வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவியின் படிவம், எண் 0417 என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மை எண் அதுவல்ல. கூட்டுத்தொகை 7. நான் எழுதிய நிரல் அவளைப் 'பாதிப்பு இல்லை' பக்கம் தள்ளியிருந்தது. ஒன்பதாவது கட்டத்தில் 3, அநேகமாக ஒவ்வொரு நாளும். பெட்டியிலிருந்து தாளை எடுத்தேன். முதலில் 0-வில் டிக் அடித்து, அதை அழிப்பானால் தேய்த்து, 3-இல் அடித்திருந்தாள். தேய்த்த இடத்தில் தாள் மெலிந்திருந்தது. மேலே தேதி, ஜூலை 12.

மூன்று மாதம். அவள் கேட்டதற்கு மூன்று மாதமாக யாரும் பதில் சொல்லவில்லை, நான் உட்பட.

எண்ணுக்கு உரிய பெயர்ப் பட்டியல் பேராசிரியரின் பீரோவில் இருந்தது. அவர் நல்ல மனிதர், உடனே தலைமையாசிரியையை அழைத்தார். "அந்தப் பிள்ளையா? நன்றாகப் படிக்கிறவள் ஆயிற்றே" என்ற குரல் எனக்கும் கேட்டது. அந்த வாரமே உளவியல் ஆலோசகர் போய்ப் பேசினார், வீட்டாரையும் பார்த்தார். இப்போது பரவாயில்லை என்றார்கள். அவள் பெயர் எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு இதையெல்லாம் முன்பே கேட்டிருக்க வேண்டாமா என்பீர்கள். பெயர்களை மறைப்பது எப்படி என்று இரண்டு பக்கம் கேட்டிருந்தார்கள். பெயரைத் தேட வேண்டி வந்தால் என்ன செய்வது என்று கேட்கவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொகுப்பூதியம். நிதி கொடுத்தவர்களுக்குச் செலவுக் கணக்கைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகவில்லை என்று ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒரு காசு வரவில்லை, ஆகஸ்டில் மொத்தமாக வந்தது. இடையில் ஸ்கூட்டருக்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். மேலாளர் என் பணி ஆணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பல்கலைக்கழகம் என்கிறீர்கள், இதில் 'தற்காலிகம்' என்று நான்கு இடத்தில் இருக்கிறதே" என்றார். நகைக் கடனுக்கு மட்டும் யாரும் பணி ஆணை கேட்பதில்லை. உங்கள் கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லைதான், இருந்தாலும் எழுதுகிறேன்.

அடுத்த சுற்றில் படிவத்தின் அடியில், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ அச்சிட்டோம். கைப்பேசியே இல்லாத பிள்ளைக்கு அதனால் என்ன பயன் என்று கூட்டத்தில் நானே கேட்டேன். அதனால் இப்போது படிவங்களை வாங்கியதும் பள்ளி வராண்டாவிலேயே உட்கார்ந்து, இரண்டு பேர், ஒன்பதாவது கேள்வியை மட்டும் புரட்டிப் பார்க்கிறோம். ஆலோசகரும் கூடவே வருகிறார். அறுபது தாளுக்குக் கால் மணி நேரம்கூட ஆவதில்லை. அது முடிந்த பிறகுதான் வேன் கிளம்பும்.