மன்ட்டி ஏன் வாய் பிளக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கைமா வைத்து மடித்து, வேகவைத்து, பூண்டுத் தயிர் ஊற்றிச் சாப்பிடும் துருக்கி மன்ட்டியைச் செய்து பார்த்தேன். கொதிநீரில் போட்டதும் பாதிக்குப் பாதி பிளந்து கறி வெளியே வந்துவிட்டது. மாவைச் சப்பாத்தி பதத்தில் பிசைந்தேன். கைமாவை இஞ்சி பூண்டு போட்டு வதக்கித்தான் வைத்தேன். எங்கே தவறு?
– வாசகி, வாணியம்பாடி

பதில்: இரண்டிலுமே. சப்பாத்தி மாவு இதற்குத் தளர்வு. 300 கிராம் மைதா, 1 முட்டை, 1 டீஸ்பூன் உப்பு, தண்ணீர் 90 முதல் 110 மில்லி, கெட்டியாகவே இருக்கட்டும். பரோட்டா பழக்கத்தில் எண்ணெய் விடாதீர்கள். 10 நிமிடம் அழுத்திப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும்.

கைமா பச்சையாகத்தான் போக வேண்டும். வதக்கினால் உதிரியாகிவிடும், கொழுப்பும் கசியும். கொழுப்பு பட்ட ஓரம் எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டாது. கொழுப்பில்லாத தொடைக்கறி 250 கிராம், கறிக்கடையிலேயே இரண்டு முறை அரைத்து வாங்குங்கள். ஒரு வெங்காயத்தைத் துருவி, சாற்றை ஒட்டப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். மிளகுத்தூள் போதும். இஞ்சி பூண்டு இல்லாத கறியா என்று ஆம்பூர்க் கை தயங்கும். பூண்டுக்குத் தயிரில் இடம் இருக்கிறது. உப்பை மடிக்கப் போகும்போது போடுங்கள், முன்பே போட்டால் நீர் விடும். மடிக்கும்வரை கறி ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

மாவை நான்காகப் பிரித்து, ஒன்றை மட்டும் எடுத்து, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள். துருக்கியின் கைசேரி ஊரில் ஒரு ஸ்பூனில் 40 பிடிக்கும் அளவுக்குப் பொடிசாக மடிப்பதுதான் பெருமை. உங்களுக்கு 4 செ.மீ. சதுரம் போதும், நடுவே கொண்டைக்கடலை அளவு கறி. நான்கு மூலையையும் மேலே சேர்த்துக் கிள்ளி, காற்றை வெளியேற்றி, நான்கு ஓரத்தையும் அழுத்துங்கள். நம்மூர் வெயிலில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் சில நிமிடத்திலேயே ஓரம் காய்ந்துவிடும், விசிறியை நிறுத்துங்கள். காய்ந்துவிட்டால் ஈர விரலால் தடவி ஒட்டலாம்.

3 லிட்டர் உப்புத் தண்ணீரில் நாற்பது நாற்பதாக வேகவிடுங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால் மோதிக்கொண்டே பிளக்கும். மேலே மிதந்தபின் 5, 6 நிமிடம். ஒன்றை வெட்டி, கறியில் சிவப்பு இல்லையென்று பார்த்து இறக்குங்கள்.

கேள்வி: தயிர் திரிகிறது, மேலே ஊற்றும் வெண்ணெயில் மிளகாய் கருகுகிறது.
– வாசகர், குடியாத்தம்

பதில்: தயிரை அடுப்பில் வைக்கவே கூடாது. புளிக்காத கெட்டித் தயிர் 250 கிராமில் உப்போடு நசுக்கிய 2 பல் பூண்டைக் கலந்து வெளியிலேயே வையுங்கள். மன்ட்டியை நீர் வடித்து, இரண்டு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள். 50 கிராம் வெண்ணெயை உருக்கி, நுரை அடங்கியதும் அடுப்பை அணைத்த பிறகே 1 டீஸ்பூன் மிளகாய்த்தூள் போடுங்கள். துருக்கி மிளகாய்ச் செதிலுக்குக் காஷ்மீரி மிளகாய் ஈடு. குண்டு மிளகாய் காரம் தூக்கிவிடும். நிழலில் காயவைத்த புதினாவைக் கசக்கித் தூவுங்கள், பச்சைப் புதினாவில் அந்த மணம் வராது.

கேள்வி: முந்தின நாளே செய்து வைக்கலாமா?
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: ஃபிரிட்ஜில் வேண்டாம், கறியின் ஈரத்தில் அடிமாவு பிசுபிசுக்கும். மைதா தூவிய தட்டில் ஒன்றோடொன்று படாமல் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். கல்லாக இறுகியதும் பையில் கட்டி வைத்தால் ஒரு மாதம் தாங்கும். உறைந்தபடியே கொதிநீரில் போட்டு, கூடுதலாக 3 நிமிடம் விடுங்கள்.