ஷெல் ஸ்கிரிப்ட் ஓடிய பின் படங்கள் காணாமற்போவது ஏன்?

கேள்வி: உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய மடிக்கணினியில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த குடும்பப் படங்களை மாதவாரியாகப் பிரிக்க, கட்டளைகளை வரிசையாக இயக்கும் சிறிய ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி ஓட்டினேன். 'அண்ணன் திருமணம்' என்பது போன்ற பெயருள்ள படங்களுக்கு 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பிழை காட்டியது. பிழை எதுவும் காட்டாத படங்களிலும் பலவற்றைக் காணவில்லை. எங்கே தவறு?

பதில்: முதலில் கணினியை அணைத்துவிடுங்கள். அழிந்த படங்கள் இருந்த இடத்தில் வேறு ஏதேனும் எழுதப்படும் வரை அவற்றை மீட்க வழியுண்டு. ஆகவே யுஎஸ்பியிலிருந்து உபுண்டுவை இயக்கி, 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருளால் வட்டைத் துழாவி, கிடைப்பவற்றை வெளி வட்டு ஒன்றில் சேமியுங்கள். பழைய பெயர்கள் திரும்பக் கிடைக்கமாட்டா. எஸ்எஸ்டி வட்டாக இருந்தால் தாமதிக்கவே கூடாது. காலியான இடங்களை வாரந்தோறும் துடைத்துவிடும் பணி உபுண்டுவில் இயல்பாகவே அமைந்திருக்கிறது.

இனி, காரணத்துக்கு வருவோம். '2019-05' என்ற கோப்புறைக்கு ஒரு படத்தை நகர்த்துமாறு 'எம்வி' கட்டளையிடம் சொல்லும்போது அப்பெயரில் கோப்புறையே இல்லையென்றால், அக்கட்டளை பிழை காட்டாது. படத்தின் பெயரையே '2019-05' என்று மாற்றிவிடும். அடுத்த படமும் அதே பெயருக்கு மாறும்போது முந்தையது அழியும். இப்படி ஒரு மாதத்துப் படங்கள் அத்தனையும் போய், கடைசிப் படம் மட்டும் 'ஜேபிஜி' போன்ற வால்பெயரில்லாத ஒரு கோப்பாக எஞ்சும். உங்கள் வட்டில் அத்தகைய கோப்பு இருந்தால் காரணம் இதுவே. இல்லையென்றால், இரண்டு கேமராக்கள் ஒரே வரிசை எண்ணைத் தந்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டிருக்கக்கூடும்.

இவ்விரண்டையும் தடுப்பது எளிது. நகர்த்துவதற்கு முன் 'எம்கேடிஐஆர்' கட்டளையோடு 'ஹைஃபன் பி' சேர்த்துக் கோப்புறையை உருவாக்குங்கள். சேருமிடத்தின் பெயரை எப்போதும் சாய்கோட்டில் முடியுங்கள், அப்போது கோப்புறை இல்லையென்றால் கட்டளை பிழை காட்டி நின்றுவிடும். 'எம்வி'யோடு 'ஹைஃபன் என்' சேருங்கள், ஏற்கெனவே உள்ள கோப்பின்மேல் அது எழுதாது, இடம்பெயராத படம் பழைய இடத்திலேயே இருக்கும்.

'அண்ணன் திருமணம்' போன்ற பெயர்களுக்குப் பிழை வருவது வேறு வகைச் சிக்கல், அது பெயரின் நடுவே உள்ள இடைவெளியால் வருவது. ஒரு மாறியின் (கோப்பின் பெயர் போன்ற மதிப்பைத் தாங்கி நிற்கும் சொல்லின்) மதிப்பை ஷெல் கட்டளை வரியில் இடும்போது, மேற்கோள் குறி இல்லையென்றால், இடைவெளி உள்ள இடங்களில் அதை வெட்டிவிடுகிறது. 'அண்ணன்', 'திருமணம்' என்ற இரண்டு கோப்புகளைத்தான் 'எம்வி' தேடுகிறது, இரண்டுமே இல்லை. டாலர் குறியோடு வரும் ஒவ்வொரு மாறியையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். ஒற்றை மேற்கோள் உதவாது, அதற்குள் மாறியின் மதிப்பு வராது. 'எல்எஸ்' கட்டளை தரும் கோப்புப் பட்டியலை லூப்பில் (ஒவ்வொரு கோப்புக்கும் அதே வேலையைத் திரும்பச் செய்யும் சுற்றில்) ஓட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நட்சத்திரக் குறியை நேரடியாக லூப்பில் இட்டால், பெயர்கள் வெட்டுப்படாமல் முழுமையாக வரும். லினக்ஸில் பெரிய எழுத்து 'ஜேபிஜி'யும் சிறிய எழுத்து 'ஜேபிஜி'யும் வேறுவேறு என்பதால், இரண்டையும் லூப்பில் குறிப்பிட வேண்டும்.

ஓட்டுமுன் ஒத்திகை பார்க்க, 'எம்வி'க்கு முன்னால் 'எக்கோ' இடச் சொல்வார்கள், அப்போது கட்டளை இயங்காமல் திரையில் மட்டும் காட்டப்படும். நல்ல யோசனைதான், ஆனால் அது மட்டும் போதாது: மேற்கோள் விடுபட்டாலும் 'எக்கோ' அதே வரியைத்தான் காட்டும். 'எக்கோ'வை விட்டுவைத்தபடியே 'பேஷ்' கட்டளைக்கு 'ஹைஃபன் எக்ஸ்' கொடுத்து ஸ்கிரிப்டை ஓட்டினால், இடைவெளியுள்ள ஒவ்வொரு பெயரும் மேற்கோளுக்குள் தனித்து நிற்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும்.

தேதியை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். கோப்பு கடைசியாக மாறிய தேதி, படத்தை நகலெடுத்த நாளாகக்கூட இருக்கலாம். படம் எடுத்த தேதி படத்துக்குள் எக்ஸிஃப் குறிப்பாகப் பதிந்திருக்கும். அதைப் படித்து மாதவாரியாகப் பிரிக்கும் வேலையை 'எக்ஸிஃப்டூல்' என்ற மென்பொருள் ஒரே வரியில் செய்கிறது, இருக்கும் கோப்பின்மேல் எழுதவும் மறுக்கிறது. வாட்ஸ்ஆப் வழியே படமாக வந்தவற்றில் இக்குறிப்பு நீக்கப்பட்டிருக்கும் என்பதால் அவற்றைத் தனிக் கோப்புறையில் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றின் நகல் ஒன்றை வெளி வட்டில் வைத்த பிறகு ஸ்கிரிப்டை ஓட்டுங்கள்.