கப்பலில் கக்கூஸ் எங்கே? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடல்சார் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்ததைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதால்தான் உங்களிடம் கேட்கத் தோன்றியது. ஒன்பது வருடம் பள்ளியில் அறிவியல் எடுத்தேன். இரண்டு மாதமாக ஒரு சின்னக் கடல்சார் அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவும் பொது நிகழ்ச்சிகளும் என் பொறுப்பு. பிரிவு என்றால் நான் ஒருத்திதான். மூன்று கூடம், முற்றத்தில் ஒரு பழைய படகு, எப்போதாவது வந்துபோகும் ஓய்வுபெற்ற மாலுமிகள் நான்கு பேர். பள்ளிப் பேருந்திலிருந்து ஐம்பது பிள்ளைகள் இறங்குகிறார்கள், இருபது நிமிடத்தில் சுற்றிவிட்டு வெளியே போய் நிற்கிறார்கள். நான் விளக்குவதை யாரும் கேட்பதில்லை. போன வாரம் வந்த ஒரே கேள்வி, “கப்பலில் கக்கூஸ் எங்கே?” மாலை உரைகளுக்குப் பத்துப் பேர் தேறுவதில்லை. நிர்வாகமோ மாதாமாதம் தலைக்கணக்கு கேட்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சருக்கு,

கக்கூஸ் எங்கே என்று கேட்ட அந்தப் பையனிடமிருந்தே தொடங்குங்கள்.

அவனுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. பாய்க்கப்பல்களில் மாலுமிகளின் கழிப்பிடம் கப்பலின் முன்முனையில், கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் இருந்தது. ஓட்டை போட்ட பலகைதான். காற்று பெரும்பாலும் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலோ வீசும், நாற்றம் முன்னால் போய்விடும். அலை அடித்துக் கழுவிவிடும். முன்முனைதான் கப்பலின் தலை, அதனால் ஆங்கில மாலுமிகள் இன்றைக்கும் கப்பல் கழிப்பறையை ‘ஹெட்’ என்றுதான் சொல்கிறார்கள். கேப்டனுக்கு மட்டும் பின்பக்கத்தில், அவர் அறையை ஒட்டி, கதவு வைத்த தனி இடம். புயலடிக்கிற ராத்திரியில் யார் எங்கே போகவேண்டியிருந்தது என்று அவனையே யோசிக்க விடுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மாதிரிக் கப்பல்களில் ஆளே இருக்கமாட்டார்கள், கவனித்திருக்கிறீர்களா? அவன் கேள்வியில்தான் முதல் ஆள் ஏறுகிறான்.

நானும் உங்களைப் போலத்தான் ஆரம்பித்தேன். கட்டுமரத்தில் தொடங்கிக் கன்டெய்னர் கப்பல்வரை நாற்பது நிமிடம் பேசுவேன். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டேன். கப்பலின் வேகத்தை அளக்கும் கட்டை.

கால்வட்ட வடிவில் ஒரு பலகை. வளைந்த விளிம்பில் ஈயம் வைத்திருப்பதால் தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும், கப்பலோடு இழுபடாது. அதில் கட்டிய கயிறு கப்பலின் பின்புறத்திலிருந்து ஓட ஓட, அதில் போட்ட முடிச்சுகள் மாலுமியின் விரலிடுக்கில் ஒவ்வொன்றாக வழுக்கிப்போகும். 28 நொடி மணற்கடிகாரம் தீரும்போது கயிற்றை நிறுத்தி, எத்தனை முடிச்சு போயிற்று என்று பார்ப்பார்கள். ஒரு முடிச்சுக்கும் அடுத்ததற்கும் 47 அடி 3 அங்குலம், சுமார் 14.4 மீட்டர். ஒரு முடிச்சு என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், 1852 மீட்டர். இன்றைக்கும் கப்பலின் வேகத்தை ‘நாட்’ என்று சொல்வது இந்த முடிச்சால்தான். கட்டைக்கு ஆங்கிலத்தில் ‘லாக்’. அதன் கணக்கை எழுதிவைத்த ஏடு லாக்-புக் ஆனது. பிள்ளைகள் தினமும் ‘லாக்-இன்’ பண்ணுவதன் மூலம் இதுதான். அதைச் சொன்னால் பின்வரிசையும் திரும்பிப் பார்க்கும்.

முற்றம் சின்னது என்கிறீர்களா? நேரத்தைக் கால்பங்காக்கி 7 நொடியும், இடைவெளியை 3.6 மீட்டரும் ஆக்கிவிடுங்கள், விகிதம் மாறாது. அந்தக் கணக்கையும் அவர்களே போடட்டும். ஒரு பிள்ளை கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதுதான் கடல். இன்னொன்று கயிற்றுச் சுருளோடு நடக்கும். அது கப்பல். மூன்றாவது முடிச்சை எண்ணும், நான்காவது மணலைப் பார்க்கும். சாதாரணமாக நடந்தால் மூன்று ‘நாட்’ வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும், நன்றாக ஓடினால் ஏழெட்டு.

ஒருநாள் எல்லாம் சொதப்பியது. பிளாஸ்டிக் பாட்டில் இரண்டை ஒட்டி நாங்களே செய்த மணற்கடிகாரம். மழைநாள் ஈரத்தில் மணல் கட்டிப்பட்டு மெதுவாக இறங்கியது. நடந்த பெண்ணுக்கு ஐந்து நாட் வந்தது! நான் அசடுவழிய வேறு கடிகாரம் எடுக்கப் போனேன். ஒரு சிறுமி விடவில்லை. “கப்பல்லயும் இப்படி ஆயிருக்கும்ல? அப்ப அவங்க எங்க இருக்காங்கன்னு தப்பா நெனச்சிருப்பாங்கல்ல?” ஆகத்தான் ஆயிற்று. ஈரத்தில் மணல் பிடிக்கும், நனைந்து காய்ந்த கயிறு சுருங்கும். அதனால்தான் இரண்டையும் அடிக்கடி சரிபார்த்தார்கள். அன்றைக்கு அந்த வகுப்பு போகவே மாட்டேன் என்றது, பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அந்த மோசமான கடிகாரத்தை நான் தூக்கிப் போடவில்லை.

ஐம்பது பேரை ஒரே கும்பலாக உள்ளே விடாதீர்கள். பாதிப் பேர் முற்றத்தில், பாதிப் பேர் கூடத்தில், பிறகு மாற்றிக்கொள்ளட்டும். தொடுவதற்கென்று தனியாகப் பொருட்கள் வையுங்கள், பதிவேட்டில் ஏறிய பொருளைக் கையில் கொடுக்கவேண்டாம். மழை நாளுக்கு இரண்டு வாளி, ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் நன்றாக உப்புக் கரைத்தது. சரக்கேற்றிய டப்பா உப்புத் தண்ணீரில் கொஞ்சம் மேலே மிதக்கும். சரக்கேற்றும்போது கப்பல் எதுவரை அமிழலாம் என்று காட்ட அதன் பக்கவாட்டில் போட்டிருக்கும் பிளிம்சால் கோடு ஏன் ஒன்றாக இல்லாமல் பலவாக இருக்கிறது என்பதற்கு அதுபோதும்.

உங்கள் மாலுமிகள் நான்கு பேரும் பொக்கிஷம்தான். ஆனால் பேச விட்டால் நிறுத்தமாட்டார்கள். கையில் கயிற்றைக் கொடுங்கள். முடிச்சுப் போடுகிற கை இருந்தால் வாய் அளவாகத்தான் பேசும். மாலை நிகழ்ச்சிக்கும் இதையே சொல்வேன். மேடையும் திரையும் வேண்டாம், ஒரு நீளமேஜை போதும். உரைக்குப் பத்துப் பேர் என்றால் காலி அரங்கு. மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் என்றால் கூட்டம்.

பெரியவர்களுக்கான மாலைகளை வெறும் சாகசக் கதையாக்கிவிடாதீர்கள். ‘புரூக்ஸ்’ என்ற பிரிட்டிஷ் அடிமைக் கப்பலுக்குள் ஆட்களை அடுக்கியிருந்த விதத்தைக் காட்டும் படம் 1788-இல் அச்சாகிப் பரவியது. அந்த ஆண்டு வந்த பிரிட்டிஷ் சட்டம் அந்தக் கப்பலுக்கு அனுமதித்தது 454 பேர். அதற்கு முந்தைய பயணம் ஒன்றில் 609 பேரை ஏற்றியிருந்தார்கள். படத்தில் ஓர் ஆணுக்கு ஒதுக்கிய இடம் 6 அடி நீளம், 1 அடி 4 அங்குல அகலம். அந்த அளவைத் தரையில் சாக்பீஸால் வரைந்து விடுங்கள். யாரையும் அதில் படுத்துப் பார்க்கச் சொல்லாதீர்கள். ஓரிடத்தில் பிள்ளைகளைப் படுக்கவைத்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது நிமிடம் கிச்சுகிச்சு மூட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. வரைந்த கோடே போதும், ஆட்கள் அதை மிதிக்காமல் தானாகச் சுற்றிப் போவார்கள்.

தலைக்கணக்கு பற்றி. கொடுத்துவிடுங்கள், அதில் சண்டை வேண்டாம், சம்பளமும் விளக்கும் அதிலிருந்துதான் வருகின்றன. பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, இரண்டாம் முறை வந்த பள்ளிகள் எத்தனை என்று எழுதுங்கள். முதல் வருடம் அந்தப் பத்தியைப் பார்க்க உங்களுக்கே கஷ்டமாக இருக்கும். எனக்கு ஒன்றுதான் இருந்தது, அதுவும் யாரோ மறந்துவிட்டுப்போன தண்ணீர் பாட்டிலைத் தேடி வந்ததோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

கயிறு வாங்கும்போது பருத்திக் கயிறாகப் பார்த்து வாங்குங்கள். நைலான், ஓடும்போது விரலை அறுத்துவிடும்.

அன்புடன்.