புரியாத எழுத்தையெல்லாம் 'பின்நவீனத்துவம்' என்று சொல்லலாமா? அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்?

சொல்லக் கூடாது. கடினம் அதன் அடையாளமே இல்லை. வாசகரைத் திணறடிப்பதற்குப் பேர்போனது அதற்கு முந்தைய நவீனத்துவம்தான். அதற்குப் பெரிய உதாரணமான, ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் யுலிசிஸ் நாவல் வந்தது 1922இல்.

பின்நவீனத்துவத்தைப் புரிந்துகொள்ள இலக்கியத்தைவிடக் கட்டடக்கலை நல்ல வழி. எழுபதுகளில் அங்கேதான் இந்தச் சொல் பரவலாகப் புழங்க ஆரம்பித்தது. நியூயார்க்கின் பார்க் அவென்யூவில் 1958இல் கட்டி முடித்த சீகிராம் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவமைத்தவர் மீஸ் வான் டெர் ரோ, கூட வேலை பார்த்தவர் பிலிப் ஜான்சன். வெண்கலமும் கண்ணாடியும்தான், பூவேலை, சிற்பம் எதுவும் கிடையாது. கட்டுமானமே அழகு என்பது அந்த நவீனத்துவத் தலைமுறையின் நம்பிக்கை. அதே ஜான்சன், ஜான் பர்கியோடு சேர்ந்து, பக்கத்து மேடிசன் அவென்யூவில் 1984இல் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் கட்டடத்தை முடித்தார். இளஞ்சிவப்புக் கிரானைட். உச்சியில், பழைய ஆங்கிலேய மர அலமாரிகளின் தலைப்பகுதியைப் போல, நடுவில் வட்டமாக வெட்டிய முக்கோணம். 37 மாடி அலுவலகத்துக்கு அது எதற்கு? பயன் என்று எதுவும் இல்லை. பழைய வடிவம் ஒன்றை எடுத்து, பொருந்தாத இடத்தில், பொருந்தவில்லை என்று தெரியும்படியே வைத்தார்கள். பின்நவீனத்துவப் பாணி என்பது இதுதான்.

ஆனால் பாணியோடு விஷயம் முடிவதில்லை. சீகிராமின் வெளிப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஓடும் வெண்கலச் சட்டங்கள் கட்டடத்தைத் தாங்கவில்லை. தீப்பாதுகாப்பு விதிப்படி உண்மையான எஃகுத் தூண்களைக் கான்கிரீட்டுக்குள் மூட வேண்டியிருந்தது. அதனால் உள்ளே எஃகு இருப்பதைக் காட்டுவதற்காகவே வெளியே தனியாகப் பொருத்தினார்கள். அலங்காரமே கூடாது என்றவர்களும் அலங்கரிக்கத்தான் செய்தார்கள்! 'எங்கள் வழிதான் இயல்பானது, மற்றதெல்லாம் ஜோடனை' என்று யார் சொன்னாலும் இப்படிக் கிட்டே போய்ப் பார்ப்பதுதான் இந்தச் சிந்தனையின் உயிர் என்று நினைக்கிறேன்.

தத்துவத்தில் இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது, கியூபெக் பல்கலைக்கழகங்களின் மன்றத்துக்காக பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் 1979இல் எழுதிய அறிக்கை. அறிவு வளர வளர மனிதகுலம் விடுதலை பெறும் என்பது போன்ற, எல்லாவற்றையும் ஒரே கதையாக விளக்கிவிடும் பெருங்கதையாடல்கள் மேல் நம்பிக்கை போய்விட்ட நிலையைத்தான் அவர் 'பின்நவீன' என்றார். அதைப் போய் 'உண்மை என்று எதுவுமே இல்லை என்கிறார்கள்' என்று சுருக்குவது பெரிய அநியாயம். ஓர் அறிவுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதே அவருடைய கேள்வி. தமிழில் தொண்ணூறுகளில் நிறப்பிரிகை போன்ற சிற்றிதழ்கள் இதைப் பேசியபோது, தலித் அரசியலும் தேசியம் பற்றிய கேள்விகளும் கூடவே வந்ததில் வியப்பில்லை.

சரி, ஒரு நாவலை எப்போது பின்நவீன நாவல் எனலாம்? கதையை யார் சொல்கிறார், எந்த உரிமையில் சொல்கிறார் என்று அந்த நாவலே விசாரிக்கும் இடத்தை உங்களால் காட்ட முடிந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். புதுசாக இருக்கிறது, குழப்புகிறது என்பதற்காக மட்டும் வேண்டாம்.